கரையில் ஒதுங்கும் தார்க்கட்டி எந்த ஊர் எண்ணெய்? ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வேதியியல் படித்துவிட்டு எண்ணெய் மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் தார்க்கட்டியைக் கொண்டுவந்து நீட்டி, "இது எந்தக் கப்பல் போட்டதுன்னு பார்த்துச் சொல்லு தம்பி" என்பார். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய விஷயமல்ல அது. அதற்காகக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பல வருடமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைத் திரட்டி, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

தார்க்கட்டி என்பது சாலைக்குப் போடும் தார்தானா?

இல்லை. கடலில் சிந்திய கச்சா எண்ணெய், அல்லது கப்பலில் எரிக்கும் கனத்த எரிபொருள். சிந்தியதும் அதிலுள்ள லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் கடல்நீரோடு கலந்து பழுப்பு நிறக் கூழாகும். அலை அதைப் புரட்டிப் புரட்டிச் சிறு துண்டுகளாக்கும். கரைக்கு வரும்போது மணலும் சிப்பித்தூளும் ஒட்டி, மேலே தோல் தடித்து, உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும். கோலிக்குண்டு அளவிலும் பார்க்கலாம், அடை தட்டியது போலவும் பார்க்கலாம். மதிய வெயிலில் இளகி, மிதித்தவர் காலோடு வீடு வரை வந்துவிடும். பழைய ஆட்கள் இதைக் கீல் என்பார்கள்.

நிறத்தையும் வாடையையும் வைத்துச் சொல்ல முடியாதா?

முடியாது. அரேபியக் கச்சா எண்ணெயும் மலேசியக் கச்சா எண்ணெயும் ஒரு மாதம் கடலில் கிடந்தால் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். "வாடையே சொல்லுதே, இது டீசல்" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

பயோமார்க்கர் என்கிறீர்களே, அது என்ன?

உயிர்க்குறி என்று தமிழில் சொல்லலாம். ஆய்வகத்தில் எல்லோரும் பயோமார்க்கர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கச்சா எண்ணெய் ஒரு காலத்தில் உயிராக இருந்தது. பாசி, பாக்டீரியா, சில இடங்களில் ஆறு அடித்துவந்த இலை தழை. எல்லாம் செத்து, ஆக்சிஜன் எட்டாத சேற்றில் படிந்து, மேலே மேலே மண் ஏறி, பூமியின் சூட்டில் கோடிக்கணக்கான வருடம் வெந்து எண்ணெயானது. வேகும்போது பெரும்பாலான மூலக்கூறுகள் உடைந்து, எதிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும். சிலவற்றின் எலும்புக்கூடு மட்டும் உடையாமல் தப்பிவிடும். அதுதான் பயோமார்க்கர்.

எங்கள் அத்தைக்குக் கருவாடு வியாபாரம். தலையும் வாலும் போன துண்டைக் காட்டினாலும் முள்ளைப் பார்த்து "இது சீலா, இது கட்டா" என்று சொல்லிவிடுவார். ஈரம் போயிருக்கும், நிறம் மாறியிருக்கும், சதை சுருங்கியிருக்கும். ஆனாலும் முள்ளின் அமைப்பு மாறாது. எண்ணெயில் நாங்கள் தேடுவதும் அந்த முள்ளைத்தான்.

இதை முதலில் பிடித்தவர் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். 1930களில் கச்சா எண்ணெய்க்குள் போர்ஃபைரின் என்ற வளைய மூலக்கூறுகளைக் கண்டார். இலைப்பச்சையத்தின் நடுவிலும் அதே வளையம்தான் உண்டு. பச்சையத்தில் வளையத்தின் மையத்தில் மக்னீசியம் இருக்கும், எண்ணெயில் அந்த இடத்தில் வனேடியம் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று அது. பச்சையத்துக்கு நீண்ட வால் ஒன்றும் உண்டு. அந்த வால் சேற்றில் புதையும்போது ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலும் பிரிஸ்டேன் ஆகும், இல்லாவிட்டால் ஃபைட்டேன் ஆகும். இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தே அந்தப் பழைய கடலடி எப்படிப்பட்டது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஹோப்பேன், ஹோப்பேன் என்கிறார்களே?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தாத்தா வள்ளங்களுக்குக் கலப்பத்து வேலை செய்தவர். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் உளியால் தட்டித் தட்டிப் பஞ்சைத் திணிப்பார். பிறகு குங்கிலியத்தை எண்ணெய் விட்டுக் காய்ச்சி மேலே பூசுவார். குங்கிலியம் என்பது மரப்பிசின். ஷோரியா, ஹோப்பியா, வெட்டேரியா என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் அதைத் தருகின்றன. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இந்தக் குடும்பம்தான் பெருங்கூட்டம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு.

1950களில் இந்தப் பிசினைப் பிரித்துப் பார்த்த வேதியியலாளர்கள் ஐந்து வளையம் கொண்ட ஒரு மூலக்கூறுச் சட்டத்தைக் கண்டார்கள். ஹோப்பியா மரத்தின் பெயரால் அது ஹோப்பேன் ஆனது. அந்த மரத்துக்கே ஜான் ஹோப் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. அதே ஐந்து வளையச் சட்டம் மரமே இல்லாத பாறைகளிலும், உலகின் ஏறக்குறைய எல்லாக் கச்சா எண்ணெயிலும் தட்டுப்பட்டது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கீ ஊரிசோன், பியேர் ஆல்பிரெஷ்ட் என்ற வேதியியலாளர்கள் தோண்டித் துருவியதில் மர்மம் அவிழ்ந்தது. நம் உடலின் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையை, பல பாக்டீரியாக்களின் சவ்வில் ஹோப்பேனின் உறவுக்கார மூலக்கூறுகள் செய்கின்றன. எண்ணெயில் இருப்பது அந்தப் பாக்டீரியாக்களின் மிச்சம். ஆக, பெயர் மரத்தினுடையது, பிறப்பு பாக்டீரியாவினுடையது.

ஹோப்பேனில் எங்களுக்குப் பிடித்த விஷயம் அதன் பிடிவாதம். எளிதில் ஆவியாகாது, நீரில் கரையாது, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவும் கடைசியில்தான் அதன்மேல் வாய் வைக்கும்.

அதோடு ஸ்டெரேன் என்று இன்னொரு வகை. இது பாசி, செடி, விலங்கு ஆகியவற்றின் ஸ்டெரால்களிலிருந்து, அதாவது கொலஸ்ட்ரால் வகை மூலக்கூறுகளிலிருந்து, வருவது. 27, 28, 29 கார்பன் கொண்டவை எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்போம். 29 தூக்கலாக இருந்தால் நிலத்துச் செடிகளின் பங்கு இருந்திருக்கலாம். சில பச்சைப் பாசிகளும் 29ஐ நிறையத் தரும் என்பதால், அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

அதை வைத்து எந்த நாட்டு எண்ணெய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நாடு என்று சொல்லாதீர்கள், பாறை என்று சொல்லுங்கள். எண்ணெய்க்கு எல்லைக்கோடு தெரியாது. எந்தக் காலத்தில், எந்த மாதிரிக் கடலில் அல்லது கழிமுகத்தில் படிந்த சேறு என்பதைத்தான் மூலக்கூறு சொல்லும். அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்பதை நிலவியலாளர்கள் வைத்திருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பாரசீக வளைகுடா எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பகுதி டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்புச் சேற்றிலிருந்து வந்தது. அதில் கந்தகம் அதிகம். ஆய்வகக் கருவி ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு முகடாக வரைந்து காட்டும் (அதைப் பின்னால் சொல்கிறேன்). அந்தப் படத்தில் 29 கார்பன் கொண்ட ஹோப்பேன் 30 கார்பன் ஹோப்பேனுக்குச் சமமாகவோ அதைவிட உயரமாகவோ நிற்கும். வரிசையின் கடைசியிலுள்ள 35 கார்பன் இரட்டை முகடும் 34ஐ விட எடுப்பாக இருக்கும். பூக்கும் மரங்களின் குறி எதுவும் பொதுவாக இராது.

தென்கிழக்கு ஆசிய எண்ணெய் பல இடங்களில் இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் வயதில் இளையது, கந்தகம் குறைவு, மெழுகு அதிகம். அதில் ஓலியனேன் என்ற மூலக்கூறு தெரியும். அது பூக்கும் தாவரங்களின் குறி. பூக்கும் தாவரங்கள் பெருகியது கிரெட்டேசியஸ் காலத்தில்தான். அதனால் ஓலியனேன் தாராளமாக இருந்தால் எண்ணெயின் தாய்ப்பாறை அதற்குப் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம். நைஜர் கழிமுக எண்ணெயிலும் அசாம் எண்ணெயிலும் ஓலியனேன் உண்டு.

தென்கிழக்கு ஆசிய எண்ணெயில் பல சமயம் பைகாடினேன் என்ற இன்னொன்றும் தலைகாட்டும். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? தாத்தா காய்ச்சிய அதே குங்கிலியத்திலிருந்து! அந்த மரக் குடும்பத்தின் பிசின் கோடி வருடம் புதைந்து வெந்தால் பைகாடினேன் ஆகிறது. ஹோப்பேன் பெயரளவில்தான் குங்கிலிய மரத்துக்குச் சொந்தம். நிஜமான குங்கிலியக் குறி பைகாடினேன். முதன்முதலாக வரைபடத்தில் அந்த முகட்டைக் காட்டி, "இது பிசின் மரம்" என்று என் மேலதிகாரி சொன்னபோது, தாத்தாவின் சட்டி அடுப்பில் பொங்கும் வாடை மூக்கில் அடித்தது போலிருந்தது.

இந்தியாவில் இந்த வேலை நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் மேற்குக் கரையில் ஒதுங்கிய தார்க்கட்டிகளை இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். சில தொகுதிகள் மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள பாம்பே ஹை வயலின் எண்ணெயோடு பொருந்தின. வேறு சில, தென்கிழக்கு ஆசியக் கச்சா எண்ணெய் ஏற்றிய கப்பலின் தொட்டி கழுவிய கழிவோடு பொருந்தின. ஒரே கடற்கரை, வருடத்துக்கு வருடம் வெவ்வேறு விருந்தாளி.

வெயிலிலும் உப்பிலும் கிடந்தால் அடையாளம் அழிந்துவிடாதா?

அழியும், ஆனால் வரிசையாக. முதலில் லேசானவை ஆவியாகும். பிறகு ஆல்கேன் என்ற நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளைப் பாக்டீரியா தின்னும். 17 கார்பன் ஆல்கேனும் பிரிஸ்டேனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஆவியாகக்கூடியவை. பாக்டீரியாவுக்கோ முதலாவதுதான் ருசி. அதனால் பிரிஸ்டேன் நிற்க, பக்கத்திலுள்ள 17 மட்டும் குட்டையாகிவிட்டால், தின்னப்பட்ட எண்ணெய் என்று அர்த்தம். ஸ்டெரேனும் ஹோப்பேனும் கடைசிவரை நிற்கும். எவ்வளவு எண்ணெய் கரைந்துபோனது என்று அளக்க ஹோப்பேனையே அளவுகோலாக வைப்பது அதனால்தான்.

பல மாதம் வெயில் பட்டால் மேல்தோலில் ஹோப்பேனும் கொஞ்சம் சிதையும். ஆகவே கட்டியின் உள்பகுதியிலிருந்துதான் மாதிரி எடுப்போம்.

ஆய்வகத்தில் என்னதான் செய்வீர்கள்?

கட்டியைப் பிளந்து, உள்ளிருந்து மிளகளவு கிள்ளி எடுத்துக் கரைப்பானில் போடுவோம். மணலும் சிப்பியும் அடியில் தங்கும். காப்பி டிகாக்‌ஷன் போன்ற திரவத்தைச் சிலிக்கா தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டால், ஹெக்ஸேன் என்ற கரைப்பானோடு முதலில் இறங்குவது நிறமில்லாத பகுதி. நமக்கு வேண்டியது அதுதான். கறுப்பெல்லாம் மேலேயே தங்கிவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். தார்க்கட்டிக்குள்ளிருந்து தண்ணீர் போலத் தெளிந்த ஒன்று சொட்டுச் சொட்டாக வரும்.

அதில் ஒரு மைக்ரோலிட்டரை வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துவோம். உள்ளே தலைமுடி போல மெல்லிய குழாய், 30 மீட்டரோ 60 மீட்டரோ நீளம், சுருட்டி வைத்திருக்கும். சூடு 300 டிகிரி வரை படிப்படியாக ஏற ஏற, லேசானது முதலில், கனத்தது பின்னால் என்று மூலக்கூறுகள் வெளியே வரும். வரும் வழியில் நிறைமானி ஒவ்வொன்றையும் உடைத்து எடை போடும். ஹோப்பேன் உடைந்தால் 191 எடையில் ஒரு துண்டு விழும், ஸ்டெரேன் உடைந்தால் 217. கருவியிடம் "191 மட்டும் காட்டு" என்று சொன்னால் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளுக்கு நடுவே ஹோப்பேன் குடும்பமும் அதன் நெருங்கிய சொந்தங்களும் மட்டும் திரையில் எழுந்து நிற்கும்.

அந்தப் படம் எனக்கு மனப்பாடம். இடப்பக்கம் சிறியதாக இரண்டு, பிறகு 29, பிறகு பெரும்பாலும் எல்லோரையும் விட உயரமாக 30. அதற்கப்புறம் 31லிருந்து 35 வரை இரட்டை இரட்டையாகப் படியிறங்கும். ஏன் இரட்டை? இடது கை, வலது கை மாதிரி அந்த மூலக்கூறின் ஒரு முனை இரண்டு விதமாக அமையலாம். உயிருள்ள பாக்டீரியா ஒரு விதத்தை மட்டும் செய்யும். நிலத்தடிச் சூடுதான் அதில் ஒரு பங்கை மற்ற விதமாகத் திருப்புகிறது. நன்றாக வெந்த எண்ணெயில் திரும்பியது 60 சதவீதத்தை நெருங்கி நின்றுவிடும். ஆக, இரட்டைகளில் எது எவ்வளவு உயரம் என்பதே எண்ணெய் எவ்வளவு வெந்தது என்றும் சொல்லிவிடும்.

ஒரே ஓட்டத்தில் பத்து இருபது விகிதங்கள் கிடைக்கும். சந்தேகப்படும் எண்ணெயையும் அதே கருவியில், அதே நாளில் ஓட்டி, விகிதத்துக்கு விகிதம் ஒப்பிடுவோம்.

"எல்லாம் விசைப்படகு டீசல்தான்" என்கிறார்களே, உண்மையா?

சுலபமாகப் பொய்யாக்கக்கூடிய பேச்சு இது. டீசல் வடித்து எடுத்த எண்ணெய். ஹோப்பேன் கனத்தது, வடிக்கும்போது அநேகமாக முழுவதும் பின்தங்கிவிடும். டீசல் கடலில் சிந்தினால் வானவில் படலமாகப் பரவி, பெரும்பகுதி சில நாளில் போய்விடும். கெட்டியாகிக் கட்டியாக ஒதுங்காது. தார்க்கட்டியில் ஹோப்பேன் வரிசை வரிசையாக நின்றால், அது டீசல் இல்லை.

அதற்காகப் படகுகளுக்கு முழு விடுதலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் ஆயிலில் ஹோப்பேன் உண்டு. ஆயில் மாற்றிவிட்டுப் பழையதைக் கடலிலேயே ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் வரைபடம் தனியாகத் தெரியும்: ஆல்கேன் முகடுகள் அநேகமாக இல்லாமல், ஆமை முதுகு போல ஒரே மேடாக இருக்கும். கச்சா எண்ணெயில் ஆல்கேன்கள் பனைமர வரிசை போல ஒழுங்கான இடைவெளியில் நிற்கும். துறைமுகத்துக்குள் மிதக்கும் எண்ணெயில் நான் பார்த்ததெல்லாம் அந்த ஆமை முதுகுதான். திறந்த கரையில் கிடக்கும் கட்டி வேறு கதை.

டீசலையே துப்புத்துலக்க வேண்டுமென்றால் இரண்டு வளையம் கொண்ட செஸ்குவிடெர்பேன் என்ற சிறிய பயோமார்க்கர்கள் இருக்கின்றன. அவை டீசலோடு சேர்ந்தே வடியும்.

நம் மாவட்டத்திலேயே எரிவாயுக் கிணறு இருக்கிறதே, தார் அதிலிருந்து வந்திருக்கலாமே?

ராமநாதபுரத்தைச் சுற்றி ஓஎன்ஜிசி எடுப்பது முக்கியமாக எரிவாயு. வழுதூர் மின்நிலையம் ஓடுவது அதில்தான். காவிரிப் படுகையின் தென்கோடி இது. எண்ணெய் என்று பார்த்தால் வடக்கே நரிமணம் பக்கம்தான் பெயர் பெற்றது. இந்தப் படுகையின் முக்கியமான தாய்ப்பாறை கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த ஆண்டிமடம் களிப்பாறை என்பது நிலவியலாளர்கள் கருத்து. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் 2011இல் ஆழ்கடலில் கிடைத்ததும் எரிவாயுதான்.

எரிவாயு கசிந்தால் தார்க்கட்டி ஆகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் நரிமணம் எண்ணெயைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தால் போதும், ஒரு நாள் வேலை. அப்படிப் பார்க்காமலேயே, கிணறுதான் காரணம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் உரக்கப் பேசுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பெரிய கப்பல் நம் பக்கம் வருவதே இல்லையே, அப்புறம் எப்படி எண்ணெய் வரும்?

சரியான கேள்வி. பாக் விரிகுடா ஆழம் குறைவு, ராமர் பாலத்தில் சில இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. எண்ணெய்க் கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. ஹோர்முஸிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் பாதை இலங்கையின் தென்முனைக்குச் சற்றுத் தெற்கே. சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் பாரதீப்புக்கும் எண்ணெய் கொண்டுபோகிறவையும் அந்த வழிதான். 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்கே தீப்பிடித்த நியூ டயமண்ட் கப்பல், குவைத் கச்சா எண்ணெய் சுமார் 2,70,000 டன்னோடு பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்தச் சரக்கு கடலில் கொட்டவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் வேறு இருக்கின்றன.

மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு போகும், காற்றும் தன் வேகத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்தைக் கூட்டி அதைத் தள்ளும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குக் கரை நீரோட்டம் தெற்கு நோக்கி இறங்கும், வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம் கரையில் குப்பை சேரும். கச்சான் என்ற மேல்காற்றும் சோழகம் என்ற தென்காற்றும் வீசும் காலத்தில் தென்கடலின், அதாவது மன்னார் வளைகுடாவின் முறை. தேவிபட்டினத்தில் ஒதுங்குவதும் ஏர்வாடியில் ஒதுங்குவதும் ஒரே எண்ணெயாக இருக்கும் என்று நினைக்கத் தேவையில்லை. ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணிக்கிறது. அதே கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் எங்கே கொட்டியிருக்கலாம் என்றும் பார்க்கலாம். மூலக்கூறு ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், இரண்டும் ஒத்துப்போனால்தான் எனக்குத் திருப்தி.

எதிர்பார்த்ததற்கு மாறாக விடை வந்ததுண்டா?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை அலாஸ்காவில் நடந்தது. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதி முழுக்க எண்ணெய். அதன் பிறகு கரையில் கிடைத்த தார்க்கட்டிகளை எல்லோரும் அந்தக் கப்பலின் கணக்கில்தான் எழுதினார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் கீத் குவென்வோல்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் அவற்றைப் பரிசோதித்தபோது பல கட்டிகள் பொருந்தவே இல்லை. கார்பன்-13 என்ற கனமான கார்பன் அணுவின் விகிதம் வேறு, ஹோப்பேன் வரிசை வேறு. கலிஃபோர்னியாவின் மான்டெரே பாறை எண்ணெயின் குறிகள் அவற்றில் இருந்தன.

அலாஸ்காவில் கலிஃபோர்னியா எண்ணெய் எப்படி? அலாஸ்காவில் எண்ணெய் பெருகுவதற்கு முன் தாரும் எரிபொருளும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன. 1964 மார்ச்சில் வந்த பெரும் பூகம்பத்தில் வால்டீஸ் ஊரின் சேமிப்புத் தொட்டிகள் உடைந்து, உள்ளே இருந்தது கடலில் கலந்தது. கால் நூற்றாண்டு கழித்தும் அந்தத் தார் கரையில் கிடந்தது. நமக்கு 1964 என்றால் தனுஷ்கோடி. அவர்களுக்கு அந்த வருடம் தார்க்கட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அப்படியானால் குற்றவாளிக் கப்பலையே காட்டிவிடலாமா?

கட்டியை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. ஒரே வயலின் எண்ணெயை ஐம்பது கப்பல் ஏற்றியிருக்கும். போலீஸிடம் கைரேகை இருந்து, ஒப்பிட ஆளின் விரல் இல்லாத நிலை அது. சந்தேகத்துக்குரிய கப்பலின் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரி வேண்டும். அது கிடைத்தால் விடை நான்கு விதமாக வரும்: பொருந்துகிறது, பெரும்பாலும் பொருந்துகிறது, சொல்ல முடியவில்லை, பொருந்தவில்லை. என் அனுபவத்தில் நான்காவதுதான் மிக உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒருவரைக் குற்றம் சாட்டுவதைவிட, ஒருவர் பழியை நீக்குவதற்கு இந்த முறை கெட்டிக்காரத்தனமானது.

எரிபொருள் நிரப்பும்போது எடுக்கும் மாதிரியைக் கப்பல் குறைந்தது 12 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று, கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்ப்பால் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது. கந்தகத்தைச் சோதிக்க வந்த விதி அது. எண்ணெய்க் கப்பலல்லாதது அடித்தட்டுக் கழிவுநீரை வெளியேற்றினாலும், அதில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது யார் எண்ணெய் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. நம் கரைக்கு வருவது பெரும்பாலும் பேர் தெரியாத எண்ணெய். இரவில் தொட்டியைக் கழுவிவிட்டு விடிவதற்குள் போய்விட்ட கப்பலிடம் யார் மாதிரி கேட்பது?

தார்க்கட்டி கிடைத்தால் எப்படி எடுத்துவைப்பது?

முதலில் என் வீட்டுக் கதை. சித்தப்பா ஒருமுறை ஆசையாக ஒரு கட்டியைப் பிடித்து, எனக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று மண்ணெண்ணெயில் கழுவி, பாலிதீன் பையில் போட்டு அனுப்பிவிட்டார். வரைபடத்தின் முன்பாதி முழுக்க மண்ணெண்ணெய். ஹோப்பேன் பகுதி தப்பித்தது, முன்னால் இருந்த சாட்சியெல்லாம் போச்சு. இன்னொருவர் ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தார், நல்லெண்ணெய் மிதந்தது.

கழுவாதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றுங்கள், அல்லது தகர மூடி போட்ட சுத்தமான கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவிய கையால் தொட வேண்டாம். தேதி, நேரம், இடம், அன்றைக்கு என்ன காற்று என்பதை ஒரு தாளில் எழுதி வெளியே ஒட்டுங்கள். வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு கட்டிகளைத் தனித்தனியாக எடுப்பது நல்லது, ஒரே அலையில் வந்தாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடலில் படலமாக எண்ணெயைப் பார்த்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். எண்ணெய்க் கசிவுக்கு நாட்டில் பொறுப்பு அவர்களுடையது.

காலில் ஒட்டிக்கொண்டால்?

தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்து, சோப்புப் போடுங்கள். மண்ணெண்ணெய் தோலுக்கு ஆகாது. பாசி எடுக்க இறங்கும் பெண்கள் சொல்லித்தான் எனக்கே இது தெரியும்.

மீனைச் சாப்பிடலாமா?

ஹோப்பேனால் பெரிய தீங்கு கிடையாது, அது சாட்சி மட்டும். தீங்கு செய்வது பலவளைய அரோமேட்டிக் சேர்மங்கள். மீன் அவற்றைத் தன் உடலிலேயே ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். சிப்பி, மட்டி போன்றவற்றால் அது அவ்வளவாக முடியாது, உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் ஒதுங்கிய இடத்து மட்டியைக் கொஞ்ச நாள் விட்டுவிடுவது நல்லது. எண்ணெய் வாடை அடிக்கும் மீனை யாரும் சொல்லாமலே ஒதுக்கிவிடுவீர்கள்.

பழைய வள்ளத்தில் பூசிய குங்கிலியம் மாதிரியில் கலந்துவிட்டால், தென்கிழக்கு ஆசிய எண்ணெய் என்று தப்பாகச் சொல்லிவிடுவீர்களா?

கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டது. இத்தனை வருடத்தில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்த கேள்வி.

மாட்டோம். புதுக் குங்கிலியத்தில் பைகாடினேன் கிடையாது. அதன் மூலப்பொருள் நீண்ட சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். சங்கிலி அறுந்து, அறுந்த துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வளையமாவதற்கு நிலத்தடிச் சூடும் லட்சக்கணக்கான வருடங்களும் வேண்டும், தாத்தாவின் அடுப்புச் சூடு போதாது. பிசினிலுள்ள மற்ற மூலக்கூறுகளில் பெரும்பாலானவை ஆக்சிஜன் ஏந்தியவை. சிலிக்கா குழாயில் அவை கறுப்போடு மேலேயே ஒட்டிக்கொள்ளும், கீழே சொட்டும் தெளிந்த திரவத்தில் வராது.

சரிபார்த்துவிடலாம் என்று, வீட்டுப் பரணில் தாத்தாவின் உளிப்பெட்டியில் கிடந்த ஒரு குங்கிலியக் கட்டியை எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்தேன். 191இல் எண்ணெய்க்குரிய அந்தப் படியிறங்கும் வரிசை இல்லை. பைகாடினேன் நிற்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு போனது.